பிஸ்கட் டின்னுக்குள் பதின்மூன்று சோடி

சென்ற மாதம் வீட்டைத் துப்புரவாக்கும்போது அலுமாரியின் மேல் தட்டிலிருந்து ஒரு பழைய பிஸ்கட் டின்னைச் சின்ன மகன் இழுத்தெடுத்தான். உள்ளே கண்ணாடி போன்ற மெல்லிய பிளாஸ்டிக் உறைகள். எண்ணிப் பார்த்தால் பதின்மூன்று சோடி. அவற்றில் ஆறு சோடி பையைக்கூடப் பிரிக்காதவை.

"உம்மா, இது யார்ட பல்லு?" என்றான்.

"ராத்தாட பல்லுக்குச் செஞ்சது மகன்" என்றேன். அந்த டின்னுக்குள் என்னுடைய நான்கு தங்கக் காப்புகளும் இருக்கின்றன என்று ஐந்து வயதுப் பிள்ளையிடம் எப்படிச் சொல்வது?

எனது மகளுக்கு அப்போது எட்டு வயது. மேல் முன்பற்கள் இரண்டும் முளைத்து நடுவில் நல்ல இடைவெளி. பக்கத்துப் பற்கள் விசிறி விரித்தாற்போல் வெளிப்பக்கம் சாய்ந்திருந்தன. ஒன்லைன் வகுப்புகள் நடந்த காலம் அது. பிள்ளை தன் முகத்தைத் தானே திரையில் பார்த்துப் பார்த்து, சிரிக்கும்போது கையால் வாயை மூடப் பழகிவிட்டாள். வகுப்பில் யாரோ 'கேட் பல்லு' என்று பெயரும் வைத்துவிட்டார்கள். தாய் மனம் கேட்குமா? எங்கே விசாரிக்கலாம் என்று அலைந்தேன்.

பற்களுக்குக் கம்பி கட்டுவதை நாம் அறிவோம். வெளியே தெரியாத உறைகளைக் கொண்டு பற்களை நகர்த்தும் முறை அமெரிக்காவில் 1990களின் இறுதியில் வந்தது. முதலில் பெரியவர்களுக்கு, பின்னர் வளர்ந்த பிள்ளைகளுக்கு. 2018இல் பாற்பல்லும் நிரந்தரப் பல்லும் கலந்திருக்கும் சிறு பிள்ளைகளுக்கென்றே தனியான உறைகளும் வந்தன. இன்று பல கம்பனிகள் இவற்றைச் செய்கின்றன. வாயை ஸ்கேன் செய்து, கம்பியூட்டரில் பற்களைச் சிறிது சிறிதாக நகர்த்தி, ஒவ்வொரு நகர்வுக்கும் ஒரு சோடி உறையை வார்த்துத் தருவார்கள். ஒரு கிழமைக்கு அல்லது இரண்டு கிழமைக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும். நாளொன்றுக்கு 20 முதல் 22 மணித்தியாலம் வாயில் இருக்க வேண்டும். சாப்பிடவும் பல் துலக்கவும் மட்டுந்தான் கழற்றலாம்.

கொழும்பில் ஒரு தனியார் கிளினிக்கில் இதையெல்லாம் விளக்கினார்கள். திரையில் மகளின் பற்கள் ஒன்றோடொன்று நெருங்கி வந்து முத்துக்கோவை போல நின்றதைப் பார்த்ததும் என் கண்கள் கலங்கிவிட்டன. அந்தப் படத்துக்குத்தான் நான் பணம் கொடுத்தேன் என்று இப்போது தோன்றுகிறது. எங்களைப் பார்த்தவர் பல் சீரமைப்பில் விசேட நிபுணரா என்று நான் கேட்கவுமில்லை, எக்ஸ்ரே எடுக்க வேண்டாமா என்று கேட்கவுமில்லை.

மாமிக்கு இது ஆரம்பத்திலிருந்தே பிடிக்கவில்லை. "அல்லாஹ் தந்த பல்ல ஏன் புள்ள நோண்டுற? எடவெளி ஈந்தா ராசிதானே" என்றார். ராசியை நான் நம்பவில்லை. ஆனால் முதல் வார்த்தை மனதில் தைத்தது. பிள்ளைகளின் வாப்பா மூலம் எங்கள் பள்ளிவாசல் மௌலவியிடம் கேட்டேன். அழகுக்காகப் பற்களுக்கிடையே இடைவெளி செய்துகொள்ளும் பெண்களைக் கண்டிக்கும் ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் இருப்பதை அவர் சொன்னார். போரில் மூக்கை இழந்த அர்பஜா (ரலி) அவர்கள் தங்கத்தில் மூக்கு வைத்துக்கொள்ள நபி (ஸல்) அவர்கள் இடங்கொடுத்ததையும் சொன்னார். குறையைச் சீர்செய்வது வேறு, அழகுக்காக மாற்றுவது வேறு என்பது அவருடைய விளக்கம். பின்னர், "பிள்ளைக்கு இருப்பது குறையா என்று டொக்டரிடம் கேட்டீர்களா?" என்றாராம். குறைதான் என்று நானே தீர்மானித்துவிட்டேன். அன்றைய அரபுப் பெண்கள் அழகென்று அரத்தால் தேய்த்து உண்டாக்கிய அதே இடைவெளியை அழகில்லை என்று அடைக்கத்தான் நான் காப்புகளை விற்கப் போகிறேன் என்பது அப்போது மண்டையில் ஏறவில்லை.

2021 டிசம்பரில் ஆரம்பித்தோம். பாற்பற்கள் குட்டையானவை, உறை பிடித்து நிற்காது. அதற்காகப் பல்லின் மேல் சிறு பொட்டுகள் ஒட்டினார்கள். முதல் கிழமை முரசு வலி, கஞ்சிதான் சாப்பாடு. பிறகு பழகிவிட்டாள். ஒவ்வொரு சோடி மாற்றும்போதும் போன் வெளிச்சத்தில் இடைவெளியை அளந்து பார்ப்பேன். குறைகிறது, குறைகிறது என்று சந்தோஷம்.

2022 பெப்ரவரியில் ஒரு நாள். எட்டாவது சோடி. பாடசாலை விட்டு வந்தவள் வாசலிலேயே நின்றாள். வாயில் உறை இல்லை. இடைவேளையில் டிஷுவில் சுற்றி வைத்துவிட்டுச் சாப்பிட்டிருக்கிறாள். பிறகு லன்ச் சீட்டோடு சேர்த்துக் குப்பையில் போட்டுவிட்டாள்.

நான் அடித்துவிட்டேன். ஒரு அடியல்ல. அதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதத்தான் வேண்டும்.

அவளையும் இழுத்துக்கொண்டு பாடசாலைக்குப் போனேன். வோச்சர் நானா பாவம், கூடைகளை ஒவ்வொன்றாகக் கவிழ்த்துத் தந்தார். சோறும் பருப்பும் மீன் முள்ளும் புளித்த நாற்றம். நானூறு பிள்ளைகளின் லன்ச் சீட்டுகளை ஒவ்வொன்றாக விரித்தேன். சுற்றிலும் காகங்கள். கிடைக்கவில்லை. நிமிர்ந்து பார்த்தபோது மகள் மாமர நிழலில் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். எதை மூடக்கூடாது என்று நான் இவ்வளவும் செய்தேனோ அதையே செய்துகொண்டு.

கிளினிக்குக்குப் போன் எடுத்தேன். பழைய ஏழாவது சோடியைத் திரும்பப் போடுங்கள், புதிதாக ஸ்கேன் செய்துதான் மற்றதைச் செய்ய வேண்டும், அதற்கு வேறு கட்டணம் என்றார்கள். மார்ச்சில் ரூபா விழுந்தது. இருநூறுக்கு இருந்த டொலர் முந்நூறைத் தாண்டியது. அவர்கள் கேட்ட தொகையும் கூடவே ஏறியது. கடையில் வியாபாரம் படுத்துவிட்ட நேரம். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அது இன்னும் கஷ்டம்.

இதைவிடப் பெரியது பிறகுதான் தெரியவந்தது. மகளின் வகுப்பு டீச்சர் ஒரு நாள் சந்தியில் கண்டு, "உங்கட மகள் இன்டர்வெல்லுக்குச் சாப்பிடுறதே இல்லையே, வயிற்றில் ஏதும் பிரச்சினையா?" என்று கேட்டார். உறையைக் கழற்றினால் தொலைந்துவிடும், தொலைந்தால் உம்மா அடிப்பார். ஆகவே கழற்றாமலே இருந்துவிடுவது. ரொட்டியைப் பூனைக்குப் போட்டுவிட்டுக் காலையிலிருந்து ஒன்றரை மணி வரை பட்டினி. எட்டு வயதுப் பிள்ளை ஒரு மாதம் இப்படி இருந்திருக்கிறாள். அன்றிரவு அவள் தூங்கிய பிறகு பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். பெருவிரல் வாயில் இருந்தது. அந்தப் பழக்கம் எப்போதோ நின்றுவிட்டது என்றல்லவா நான் நினைத்துக்கொண்டிருந்தேன்!

விரல் சூப்புவதைப் பார்த்ததும் ஒரு பழைய விடயம் ஞாபகம் வந்தது. 2020 ஆரம்பத்தில், கொரோனாவுக்குக் கொஞ்சம் முந்தி, பாடசாலைப் பல் கிளினிக் மிஸ் ஒரு துண்டு எழுதி அனுப்பியிருந்தார். பிள்ளையின் வலது பக்கக் கடைவாய்ப் பற்கள் மாறிக் கடிக்கின்றன, பல் சீரமைப்பு நிபுணரிடம் காட்டவும் என்று. இலவசமாகக் கிடைத்த ஆலோசனை என்பதாலோ என்னவோ, லாச்சிக்குள் போட்டுவிட்டு மறந்துபோனேன்.

அந்தத் துண்டைத் தேடி எடுத்துக்கொண்டு ஜூலையில் பேராதனைப் பல் வைத்தியசாலைக்குப் போனோம். எரிபொருள் இல்லாத நாட்கள். மாவனல்லையிலிருந்து கொழும்புக்குப் போக வழியில்லை. கடுகண்ணாவை ஏற்றத்தைப் பஸ்ஸில் நின்றபடியே கடந்தோம்.

அங்கே இருந்த நிபுணர் யாரையும் குறை சொல்லவில்லை. எக்ஸ்ரே எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, சிங்களம் கலந்த தமிழில் எனக்கு விளக்கினார். எலும்புக்குள் இன்னும் முளைக்காத வேட்டைப்பற்கள் இரண்டும் இறங்கி வந்துகொண்டிருந்தன. அவை பக்கத்துப் பற்களின் வேரை நெருக்குவதால்தான் முன்பற்கள் விசிறி போல விரிகின்றன. 11, 12 வயதில் வேட்டைப்பற்கள் வெளியே வரும்போது பெரும்பாலான பிள்ளைகளுக்கு இந்த இடைவெளி தானாக மூடிவிடும். பல் வைத்தியத்தில் இதற்கு 'அழகற்ற வாத்துக்குஞ்சுப் பருவம்' என்றே பெயராம். முந்திக்கொண்டு பற்களை நெருக்கினால் பக்கத்துப் பல்லின் வேர் வேட்டைப்பல்லின் பாதைக்குள் போய்விடலாம். வேர் கரையவும் கூடும். வேட்டைப்பல் உள்ளேயே சிக்கவும் கூடும்.

எனக்குக் கால் நடுங்கியது. "இவளுக்கு ஏதும்...?" என்றேன். வேர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை என்றார். அல்ஹம்துலில்லாஹ்.

"திருத்த வேண்டியது இதுதான்" என்று மகளை மெதுவாகக் கடிக்கச் சொன்னார். வலது பக்க மேற்பற்கள் கீழ்ப்பற்களுக்கு உள்ளே இறங்கின. சரியாகக் கடிப்பதற்காகத் தாடையை அவள் ஒரு பக்கம் தள்ளுகிறாள். வளரும் வயதில் இப்படியே விட்டால் முகமும் ஒரு பக்கம் சாய்ந்து வளரலாம். மேல் அண்ணத்தின் நடுவிலுள்ள பொருத்து இந்த வயதில் இன்னும் இறுகவில்லை. ஆகவே விரிப்பது சுலபம், பெரியவளானால் கஷ்டம். அழகென்று நான் பார்த்த இடத்தில் குறை இருக்கவில்லை, குறை இருந்த இடத்தை நான் பார்க்கவே இல்லை. மௌலவியின் கேள்வி அன்று பஸ் வரும்வரை என் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது.

உறைகளே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. மெல்பேர்னிலுள்ள எனது நானாவின் மகனுக்கு ஒரு முன்பல் கீழ்ப்பல்லுக்குப் பின்னால் முளைத்திருந்தது. ஒன்பது வயதில் இதே போன்ற உறைகளால் ஆறு மாதத்தில் முன்னுக்கு வந்துவிட்டது. அதற்குக் காரணம் இருந்தது. மேற்பற்கள் மிகவும் மிதந்து நிற்கும் பிள்ளைகளைப் பற்றிய பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த கொக்ரேன் மதிப்பாய்வு (2018) ஒன்றுண்டு. ஏழு முதல் பதினொரு வயதில் ஒரு தடவையும் பிறகு மறுதடவையும் வைத்தியம் செய்த பிள்ளைகளுக்கும், வளர்ந்த பின் ஒரே தடவையில் செய்தவர்களுக்கும் கடைசியில் பெரிய வித்தியாசம் இல்லை என்கிறது. ஒரு நன்மை மாத்திரம்: விழுந்து முன்பல் உடைவது முந்திச் செய்தவர்களில் குறைவு. துள்ளி விளையாடும் பிள்ளைக்கு அதுவும் சிறிய நன்மையல்ல. அமெரிக்கப் பல் சீரமைப்பு நிபுணர்களின் சங்கம் ஏழு வயதுக்குள் ஒரு தடவை காட்டச் சொல்கிறது. காட்டத்தான் சொல்கிறது. காட்டுகிற எல்லாப் பிள்ளைக்கும் வைத்தியம் வேண்டும் என்று சொல்லவில்லை.

மகளுக்கு அங்கே நடுவில் ஒரு சிறு திருகாணி வைத்த பிளேட் செய்து தந்தார்கள். கிழமைக்கு இரண்டு தடவை ஒரு சாவியால் கால் சுற்றுச் சுற்ற வேண்டும். ஒவ்வொரு தடவையும் கால் மில்லிமீட்டர் அளவில் விரியும். சாவியை நான் எடுத்தாலே பிள்ளை கண்ணை இறுக மூடிக்கொள்வாள். அடி விழுந்த ஞாபகம் போலும். ஆகவே அந்த வேலை அவளுடைய வாப்பாவுக்குப் போயிற்று. ஒவ்வொரு ஞாயிறும் புதனும் கடை மூடி வந்து, கை கழுவி, பிஸ்மில்லாஹ் சொல்லிச் சுற்றுவார்.

விரல் பழக்கத்தை நிறுத்தியது மாமிதான். கசப்பு மருந்து பூசலாம், கைக்குச் சொக்ஸ் போடலாம் என்றெல்லாம் நாங்கள் பேசிக்கொண்டிருக்க, அவர் தன் பாயைத் தூக்கிக்கொண்டு பேத்தியின் அறைக்குப் போனார். இரவு முழுக்க அவள் கையைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டு தூங்கினார். "பல்ல நோண்டாதீங்க" என்று சொன்னவர்தான். இரண்டு மாதத்தில் பழக்கம் போய்விட்டது. மாமி மாத்திரம் இன்னும் அந்த அறையில்தான் படுக்கிறார்.

ஏழு மாதத்தில் கடி நேரானது. அதைத் தக்கவைக்க இன்னும் சில மாதம் பிளேட்டைப் போட்டாள். ஒரு தடவைகூடத் தொலைக்கவில்லை. அதற்கென்று ஒரு சிவப்புப் பெட்டி வாங்கிக் கொடுத்தோம். தொலைந்தாலும் உம்மா அடிக்கமாட்டேன் என்று குர்ஆன் மத்ரஸா போகும் வழியில் நடுத்தெருவில் நின்று அவளிடம் சொன்னேன். அவள் நம்புவதற்கு வெகுநாள் எடுத்தது.

இப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயது. போன வருடம் இடது வேட்டைப்பல் வந்தது, இந்த வருடம் வலது. நடு இடைவெளி எப்போது மூடியது என்று யாரும் கவனிக்கவில்லை. பிஸ்கட் டின்னைக் கண்டெடுத்த அன்று தம்பிக்கு ஒரு வேடிக்கை காட்டுவதற்காக உதட்டைக் குவித்துப் பல்லிடுக்கால் ஊதிப் பார்த்தாள். வெறும் காற்றுத்தான் வந்தது.

"உம்மா, முந்தி எனக்கு இதால விசில் அடிக்க ஏலுமாகீந்து" என்றாள். "இப்ப வருதில்ல."

அவள் விசில் அடிப்பாள் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.