கிரேஞ்ச்மவுத்

நைஜீரியாவோட டாங்கோட்டே எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை படம் ஒண்ணு இன்னைக்கு டைம்லைன்ல வந்துச்சு.
மனசு என்னவோ ஸ்காட்லாந்துக்குத்தான் போச்சு.

கிரேஞ்ச்மவுத்.
1924ல தொடங்கின எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை. ஸ்காட்லாந்துக்கு இருந்ததே அது ஒண்ணுதான்.
2025 ஏப்ரல் கடைசியில கச்சா எண்ணெய் காய்ச்சுறத நிறுத்திட்டாங்க.
சுமார் 400 பேருக்கு வேலை போகும்னு அப்போ சொன்னாங்க.

வடகடல் எண்ணெய் குழாய் வழியா அந்த ஊர் வாசலுக்கே வருது. காய்ச்சத்தான் ஆலை இல்ல.
பெட்ரோல், டீசல் எல்லாம் இனி கப்பல்ல வந்து இறங்கணும்.

நஷ்டம்னு சொல்றாங்க முதலாளிங்க. இருக்கலாம்.
கிரேஞ்ச்மவுத் ஒரு நாளைக்கு சுமார் 1.5 லட்சம் பீப்பாய் காய்ச்சுற ஆலையா இருந்துச்சு.
லாகோஸ் பக்கத்துல 2024ல ஓட ஆரம்பிச்ச டாங்கோட்டே 6.5 லட்சம். நம்ம ஜாம்நகர் ஆலை அதைவிடப் பெருசு. பழைய சின்ன ஆலை எப்படித் தாக்குப்பிடிக்கும்?

நைஜீரியாவை நெனச்சா உண்மையிலேயே சந்தோஷம். கச்சா எண்ணெய வித்துட்டு, பெட்ரோலை வெளிநாட்டுலேருந்து வாங்கி, பங்க் வாசல்ல வரிசைல நின்ன ஜனங்க அவங்க.

ஆனா கிரேஞ்ச்மவுத் விஷயத்துல கோவம் வருது.
பூமி சூடாகுது, எண்ணெய விட்டு வெளிய வரணும். அதுல எனக்கு ரெண்டாவது கருத்தே இல்ல.
அதுக்காக மூடியிருந்தா வேற. அதே டீசல் வேற நாட்டுல காய்ச்சி அதே துறைமுகத்துக்கு வந்தா, புகை எங்க குறைஞ்சுது?
அந்த இடத்துல அடுத்து என்ன தொழில் கொண்டுவரலாம்னு சொல்ற அறிக்கையே 2025 மார்ச்லதான் வெளிவந்துச்சு. ஆலை நிக்கிறதுக்கு ஒரு மாசம் முன்னாடி!

புதுத் தொழில் வர்ற வரைக்கும் அந்தத் தொழிலாளிங்க எங்க போவாங்க?