சிரசு என்னும் சொல்

எம் தந்தையார் காலமானபொழுது எமக்கு வயது 22. அடக்க ஆராதனை முடிந்து உறவினர் முற்றத்தில் அமர்ந்திருக்க, சபை மூப்பர் ஒருவர் எம் தோளிற் கைவைத்து, "தம்பி, இனி இவ்வீட்டிற்குச் சிரசு நீதான்" என்றார். அச்சொல் எம் செவிக்கு எத்துணை இனிதாயிருந்ததென்பதை எழுதவும் இன்று நாணுகிறோம்.

அன்றிரவே தந்தையாரின் நாற்காலியில் அமர்ந்து குடும்ப ஜெபத்தை நடத்தினோம். அன்னையாரிடமிருந்து சாவிக்கொத்தையும் வாங்கிக்கொண்டோம். மூன்றாம் மாதத்தில், கல்லூரியில் இரண்டாமாண்டு வரலாறு பயின்றுகொண்டிருந்த தங்கையின் படிப்பை நிறுத்தினோம். பணமில்லையென்றோம், ஆயினும் அவ்வாண்டே எமக்கு மோட்டார் சைக்கிள் வாங்கப் பணமிருந்தது. அன்னையார் மறுத்துரைக்க வாயெடுத்தபொழுது, பவுல் அப்போஸ்தலர் எபேசியருக்கு எழுதிய நிருபத்தின் ஐந்தாம் அதிகாரத்தைக் காட்டி அவர் வாயை அடைத்தோம். அவ்வதிகாரம் கணவனையும் மனைவியையும் குறித்துப் பேசுகிறதேயன்றித் தமையனையும் தங்கையையும் குறித்தன்று என்பது எம் நினைவிற்கு வரவில்லை. வசதியான மறதி! தங்கையோ யாதொன்றும் பேசாது தன் புத்தகங்களைத் தகரப் பெட்டியில் அடுக்கினாள்.

ஆண்டுகள் பல கழிந்தபின், வாலிபர் கூடுகையொன்றில் ஆண்மக்களின் தலைமையைக் குறித்துப் பேசுமாறு எம்மைக் கேட்டனர். அத்தியட்சர் அசரியாவைத் தலைமைக்கு இலக்கணமாகக் காட்டக் கருதி, அவருடைய சரித்திரத்தை வாசிக்கலானோம். 1874 இல் திருநெல்வேலிச் சீமை வெள்ளாளன்விளையிற் பிறந்து, 1912 இல் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்திய அத்தியட்சரானவர் அவர். ஆயின் வாசிக்க வாசிக்க அவர் எம் கருத்திற்கு இடங்கொடுக்கவில்லை. 1903 இல் இந்திய மிஷனெரி சங்கம் தோன்ற முன்னின்ற அவர், பிறரை அனுப்பிவிட்டு ஊரில் தங்கியிராமல், 1909 இல் தாமே தோர்னக்கல்லுக்குச் சென்று, அந்நிய மொழியாகிய தெலுங்கைக் கற்று, ஏழை மக்களிடையே உழைத்தார். அவருடைய மனைவியார் அன்பு மரியம்மாள், பெண்கள் உயர்கல்வி பெறுதல் அரிதாயிருந்த அக்காலத்திலேயே கல்லூரியிற் பயின்ற அம்மையார். அவ்வரியோடு எம் வாசிப்பு நின்றுபோயிற்று.

அந்த ஐந்தாம் அதிகாரத்தை மீண்டும் திறந்தோம். ஒருவருக்கொருவர் கீழ்ப்படியுங்கள் என்னும் கருத்தே அங்கு முன்னிற்கிறது. பின்னர் வரும் சிரசோ சபைக்காகத் தம்மையே ஒப்புக்கொடுத்தவர், சீஷருடைய கால்களைக் கழுவியவர். திருச்சபையில் தலைமை ஆண்களுக்கே உரியதென்பார் இன்றும் உளர். தென்னிந்தியத் திருச்சபையிலோ 2013 இல் புஷ்பலலிதா அம்மையார் அத்தியட்சரானார். அவ்வழக்கைத் தீர்ப்பது எம் வேலையன்று. எம் வீட்டு வழக்கே எமக்குப் போதுமானதாயிருந்தது.

கூடுகைக்கு யாம் செல்லவில்லை. தூத்துக்குடியில் கணவனோடும் இரு மக்களோடும் வாழ்ந்திருந்த தங்கைக்கு மன்னிப்புக் கேட்டு ஒரு கடிதம் எழுதினோம். பதில் இரண்டே வரிகள்: "அண்ணன், தகரப் பெட்டி இருக்கிறதா? சாவி உங்கள் கொத்தில்தான் இருக்கும்."

இருந்தது. இத்தனை ஆண்டுகளாக எதன் சாவியென்று அறியாமலே அதனைச் சுமந்திருந்தோம். பழுப்பேறிய அப்புத்தகங்களைக் கட்டி, தொலைநிலைக் கல்வி விண்ணப்பத்தோடு அனுப்பினோம். கட்டணமாக யாம் அனுப்பிய பணம் மட்டும் திரும்பி வந்தது. அதனைத் தானே செலுத்திவிட்டாளாம்.