பிள்ளைகள் பேய்க்கதை படிக்கலாமா?

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சங்கத்துச் சிறுவர் நூல்நிலையத்தில் யாம் அமர்ந்திருந்தபோது, அன்பர் ஒருவர் விக்கிரமாதித்தன் வேதாளக் கதைகள் அடங்கிய நூலொன்றைக் கொண்டுவந்து மேசைமீது வைத்தார். வைத்தார் என்பதைவிடப் போட்டார் என்பதே பொருந்தும். அதனைப் பார்த்த நாள்முதல் அவருடைய ஆறு வயது மகன் இரவில் தனியே கழிவறைக்குச் செல்ல மறுக்கின்றானாம். "வயிற்றுப்பாட்டுக்காக ஊரைவிட்டு வந்திருக்கிறோம். பிள்ளை தமிழ் படிக்கட்டும் என்று இங்கே அனுப்பினால், பிணத்தையும் சுடுகாட்டையுமா படிக்கக் கொடுப்பது?" என்று கேட்டார். கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை. செயற்குழு கூடி முடிவு செய்யும்வரை அந்நூலை எவருக்கும் கொடுக்க வேண்டாமென்று செயலாளர் பணித்தார். நூல்நிலையத்தைப் பார்த்துக்கொள்பவர் என்ற முறையில் எம் கருத்தை இவ்விதழில் எழுதுமாறும் கூறினார்.

யாம் பத்தாம் வகுப்புவரை பயின்று, இரயில்வேயில் கடைநிலை ஊழியராய்ச் சேர்ந்து, துறைத்தேர்வு எழுதிக் குமாஸ்தா ஆனோம். மனோதத்துவம் கற்றோமில்லை. ஆயினும் அஞ்சிய பிள்ளையாகவும் இருந்திருக்கின்றோம். அஞ்சிய பிள்ளையின் தந்தையாகவும் இருக்கின்றோம்.

1990களின் நடுப்பகுதி அது. எமக்கு அப்பொழுது ஏழு வயது. ஸ்ரீராமபுரத்தில் ஓர் ஒண்டுக்குடித்தன வீட்டில் வாழ்ந்தோம். அக்காலத்தில் இந்நகரில் இருந்தவர் எவரும் 'நாளே பா'வை மறந்திரார். இரவில் பெண்பேய் ஒன்று வீதிவீதியாய் வந்து கதவைத் தட்டும். வீட்டாருக்கு நன்கு பழகிய குரலில் பெயர் சொல்லி அழைக்கும். கதவைத் திறந்தவர் பிழையார் என்பது ஊர்ப்பேச்சு. அதற்கு மாற்றும் அப்பேச்சோடு சேர்ந்தே வந்தது. கதவிலோ சுவரிலோ 'நாளே பா' என்று கன்னடத்தில் எழுதிவிட வேண்டும். பேய் அதனைப் படித்துவிட்டுத் திரும்பிப் போகும், மறுநாள் வந்து அதனையே மீண்டும் படிக்கும், மீண்டும் திரும்பும். 'நாளே' என்பது நம் 'நாளை'. 'பா' என்பது நம் 'வா'. தமிழில் வகரம் நிற்கும் இடங்கள் பலவற்றில் கன்னடத்தில் பகரம் நிற்பதை, இங்கே பிறந்து வளரும் நம் பிள்ளைகள் நம்மினும் நன்கு அறிவர்.

எம் பாட்டியார் கன்னடம் அறியாதவர். வருகின்ற பேய் சேலத்துப் பக்கத்துப் பேயாக இருந்துவிட்டால் என்ன செய்வது என்று கவலையுற்று, கன்னடத்தின் கீழே தமிழிலும் எழுதச் செய்தார். அடுப்புக்கரியால் அதனை எழுதியவர் யாமே. எம் முதல் எழுத்துப்பணி அது எனலாம்.

எம் தந்தையார் சிட்டி நிலையத்தில் பாயிண்ட்ஸ்மேனாக இருந்தார். இரவு முறை என்றால் காலையில்தான் வீடு திரும்புவார். மார்கழி மாதத்து ஓர் இரவில் அவருக்குக் காய்ச்சல் கண்டது. மாற்றாள் கிடைத்ததும் விடுப்புச் சொல்லிவிட்டு, ஏறத்தாழ இரண்டு மணிக்கு வந்து கதவைத் தட்டினார். அம்மாவின் பெயரைச் சொல்லி அழைத்தார். அம்மா எழுந்தார். பாட்டியார் அவர் கையைப் பற்றிக்கொண்டார். யாமோ அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு, "திறக்காதே அம்மா, அது அப்பா இல்லை" என்று அலறினோம். தந்தையார் எம் பெயரைச் சொல்லியும் அழைத்தார். அழைக்க அழைக்க எம் அலறல் கூடிற்று. பழகிய குரலில் அழைக்கும் என்றுதானே சொல்லியிருந்தார்கள்! சிறிது நேரத்தில் ஓசை அடங்கியது. பேய் படித்துவிட்டுப் போய்விட்டது என்று எண்ணி உறங்கிப்போனோம்.

விடியலில் பால்காரர் குரல் கேட்டுக் கதவைத் திறந்தபோது, தந்தையார் சாப்பாட்டுத் தூக்கை மடியில் வைத்துக்கொண்டு படியில் சுருண்டு கிடந்தார். உடம்பு அனலாய்க் கொதித்தது. அவர் சினக்கவில்லை. சுவரில் இருந்த எம் எழுத்தைப் பார்த்தார். "நாளைக்கு வரச் சொன்னீர்கள், வந்துவிட்டேன்" என்றார். பதினொரு நாள் படுக்கையில் கிடந்தார். அந்தப் பதினொரு நாளும் அவருடைய கட்டிலின் அருகே செல்ல எமக்குக் கால் எழவில்லை.

இக்கதையை எமக்குச் சொன்னது எந்த நூலும் அன்று. தண்ணீர்க் குழாயடியில் பெரியவர்கள் பேசினார்கள், பெரியவர்களே நம்பினார்கள். சுவரில் எழுதச் சொன்னதும் அவர்கள்தாம். அக்கதைக்கு ஆசிரியர் இல்லை, கடைசிப் பக்கமும் இல்லை. நாளை வா என்று சொல்லி அனுப்பிய பேய்க்கு முடிவு எங்கிருந்து வரும்? ஒவ்வொரு இரவும் அது முதலிலிருந்தே தொடங்கிற்று.

நாம் பிள்ளைகளுக்குச் சோறூட்டும் முறையையும் சற்று எண்ணிப் பார்ப்போம். ஒரு கவளத்திற்குப் பூச்சாண்டி, மறு கவளத்திற்கு அஞ்சு கண்ணன். வேப்பமரத்துப் பேயைச் சொல்லி விளையாட்டுப் பிள்ளைகளை வெருட்டும் வழக்கத்தைப் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் தம் பாடலொன்றில் கண்டித்தார். 1961இல் வெளிவந்த 'அரசிளங்குமரி' படத்தில் அப்பாடல் இடம்பெற்றது. அதனைக் கேட்டுத் தலையாட்டிக்கொண்டே அஞ்சு கண்ணனையும் கூப்பிட்டு வளர்த்தோம். அச்சிட்ட பேய்தான் பிள்ளையைக் கெடுக்கிறது என்று இப்பொழுது சொல்வது எங்ஙனம் பொருந்தும்?

நூலின்மேல் பழி போடுவது நமக்கு மட்டும் உரிய வழக்கமன்று. 1954ஆம் ஆண்டு செப்டம்பரில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில், நூற்றுக்கணக்கான சிறுவர்கள் கத்தியும் கூர்ங்கழியும் ஏந்தி ஓர் இடுகாட்டுக்குள் புகுந்தனர். ஏழடி உயரமும் இரும்புப் பற்களும் உடைய இரத்தக்காட்டேரி ஒன்று இரு சிறுவர்களைத் தின்றுவிட்டதென்று கேள்வி; அதனை வேட்டையாட வந்தார்களாம். உண்மையில் எந்தப் பிள்ளையும் காணாமற்போகவில்லை. அமெரிக்கச் சித்திரக்கதை நூல்களே காரணம் என்று பெரியவர்கள் முழங்கினர். அடுத்த ஆண்டே அந்நாட்டில் சட்டம் வந்தது. ஆனால் இரும்புப் பல் பூதம் அவ்வூர்ப் பிள்ளைகள் பள்ளியில் படித்த பாட்டிலும் இருந்தது. விவிலியத்தில் தானியேல் ஆகமத்திலும் இரும்புப் பல் விலங்கொன்று உண்டு. எங்கிருந்து எடுத்தார்கள் என்பது இன்றும் வழக்காகவே கிடக்கிறது. நம் நாடாளுமன்றமும் 1956இல் இளைஞருக்குத் தீங்கு விளைக்கும் வெளியீடுகளைத் தடுக்க ஒரு சட்டம் இயற்றியது. இருபது வயதுக்கு உட்பட்டோர் அனைவரும் அதன்படி இளைஞர்; கொடுமையையும் அருவருப்பையுமே காட்டி அவர்களைக் கெடுக்கும் நூலை விற்றால் ஆறு மாதம்வரை சிறை.

அத்தகைய சட்டம் ஊர்ப்பேச்சைத் தொடாது. 2018 மே மாதத்தில் பிள்ளை பிடிப்பவர்கள் வந்திருக்கிறார்கள் என்னும் செய்தி கைப்பேசி வழியே இந்நகரெங்கும் பரவிற்று. அதனைப் படித்தவர் சிறுவர் அல்லர், மீசை முளைத்தவர்கள். இராஜஸ்தானிலிருந்து பிழைப்புத் தேடி வந்த இளைஞர் ஒருவரைச் சாமராஜப்பேட்டையில் பிள்ளை பிடிப்பவர் என்று ஐயுற்று, கட்டி இழுத்து அடித்தே கொன்றனர். பிழைக்க வந்த ஊரில் அந்நியர் என்பதொன்றே அவர் குற்றம். நாமும் பிழைக்க வந்தவர்கள் ஆதலின் இதனை இங்கே எழுதுகின்றோம்.

நிற்க. எம் இல்லத்தில் நிகழ்ந்ததைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. கருத்து எழுதுமுன் படித்துவிடுவோம் என்று அந்த நூலை வீட்டுக்கு எடுத்துச் சென்றோம். ஒன்பது வயதான எம் மகள் அதனை எம் பையிலிருந்து எடுத்துக்கொண்டாள். அவள் பயில்வது ஆங்கிலப் பள்ளியில். தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். அதுவரை யாம் வாங்கித் தந்த நல்லொழுக்க நூல்களில் ஒன்றையேனும் பத்தாம் பக்கம் தாண்டினாளில்லை. இதனையோ விளக்கணைத்த பின்னும் விடவில்லை. இரண்டாம் இரவு கனவு கண்டு அலறினாள். நூலைப் பிடுங்கிப் பீரோவில் பூட்டினோம். எமக்கு ஸ்ரீராமபுரத்துக் கதவு நினைவுக்கு வந்துவிட்டது.

பூட்டிய பின் அச்சம் தணியவில்லை. மூன்று இரவு மிகுந்தது. நான்காம் இரவு, எம்மைத் தட்டி எழுப்பி, "அப்பா, அந்த ராஜா இன்னும் சுடுகாட்டிலேயே நிற்கிறாரா?" என்று கேட்டாள்.

யாம் அரசனை உள்ளே விட்டுப் பூட்டியிருக்கின்றோம்! எழுந்து பீரோவைத் திறந்தோம். அன்றுமுதல் இரவுக்கு ஒரு கதையாக இருவரும் சேர்ந்து படிக்கின்றோம். ஒரு பத்தி அவள், ஒரு பத்தி யாம்.

வேதாளக் கதை 11ஆம் நூற்றாண்டில் காஷ்மீரத்துச் சோமதேவர் இயற்றிய கதாசரித்சாகரத்திலேயே உண்டு. நம் தலைமுறைக்கும் நம் தந்தையர் தலைமுறைக்கும் அதனைக் கொணர்ந்தது 1947இல் தோன்றிய அம்புலிமாமா. உருவிய வாளும் தோளில் பிணமுமாய் நடக்கும் அரசனை வரைந்த ஓவியர் சங்கர் 2020இல் மறைந்தார். பத்திரிகை அதற்கு முன்பே நின்றுவிட்டது. வேதாளம் முருங்கை மரம் ஏறுவதைப் பழமொழியாகச் சொல்லாத தமிழர் உண்டோ? அது ஏறும்போதெல்லாம் அரசனிடம் ஒரு வழக்கை விட்டுத்தான் ஏறும். பிணத்தைக் கண்டு அஞ்சத் தொடங்கிய பிள்ளை, சற்று நேரத்தில் வழக்கில் இறங்கிவிடுகிறது.

தலை மாறிய கதையை எடுத்துக்கொள்வோம். தேவி கோயிலில் கணவனும் உடன் வந்தவனும் தம் தலையைத் தாமே வெட்டிக்கொள்ள, மனைவி பதற்றத்தில் தலைகளை மாற்றிப் பொருத்திவிடுகிறாள். கணவன் யார்? கிரீஷ் கர்நாட் 1971இல் வெளியிட்ட 'ஹயவதன' நாடகத்துக்கு வேர் இக்கதையே. தலை எவனுடையதோ அவனே கணவன் என்பது அரசன் தீர்ப்பு. எம் மகள் ஒப்பவில்லை. "ஆதார் அட்டையில் படம் ஒருவருடையது, கைரேகை மற்றவருடையது. எப்படிச் செல்லும்?" என்று இரண்டு நாள் தாயோடு வழக்காடினாள். சுடுகாடு அவளுக்கு மறந்தே போயிற்று. அஞ்சத்தக்க வேதாளமே முடிவில் அரசனைக் காக்கும், வணங்கத்தக்க துறவியே அவனைக் கொல்ல நினைத்தவன் என்பதை அவள் இன்னும் அறியாள். யாமும் சொல்லவில்லை.

நூலைத் திருப்பித் தந்த அன்பருடைய மகனுக்கு வயது ஆறு. அவ்வயதுக்கு அட்டையிலுள்ள பிணமே மிகுதி என்பதை ஒப்புகின்றோம். மேல்தட்டில் வைத்து, பெற்றோர் கையில் மட்டும் கொடுப்பதே முறை. அதனைச் செய்யாதது எம் பிழை. கைப்பேசியில் திடீரென்று ஒரு கோர முகம் தோன்றி அலறும் காட்சிகளையோ எந்த வயதுக்கும் யாம் பரிந்துரையோம். அவற்றில் கதையும் இல்லை, வழக்கும் இல்லை.

எவருக்கும் கொடுக்கலாகாது என்ற நூலை எம் வீட்டில் வைத்துக்கொண்டிருப்பது விதிப்படி தவறு. செயலாளர் பொறுத்தருள வேண்டும். இதனை எழுதும் இன்று பதினெட்டாம் கதை முடிந்திருக்கிறது. செயற்குழு கூட இன்னும் ஐந்து இரவுகளே உள்ளன, கதைகளோ ஏழு. கூட்டத்தை ஒரு வாரம் தள்ளிவைக்குமாறு கேட்டுக்கொள்கின்றோம்.