கடப்பா கல்லில் ஆயிரம் முட்டை

சென்னையில் வண்ண மீன் வாங்கக் கொளத்தூர் போகிறவர்கள் கடைத்தெருவோடு திரும்பிவிடுகிறார்கள். அந்தக் கடைகளுக்கு மீன் வருவது சுற்றுவட்டாரத்தில் வீட்டுக் கொல்லையிலும் மொட்டை மாடியிலும் கட்டியிருக்கும் சிமெண்ட் தொட்டிகளிலிருந்து. அப்படி ஒரு குடும்பம் நடத்தும் பண்ணையில் ஆஸ்கர் மீன் வளர்ப்பைப் பார்க்கப் போயிருந்தேன்.

ஆஸ்கரின் பூர்வீகம் அமேசான் படுகை. ஒரு அடி நீளம் வளரும், வாயில் அடங்கும் எதையும் விழுங்கும். ஆணையும் பெண்ணையும் பார்வையில் பிரித்தறிய முடியாது. முட்டையிடும் தறுவாயில் மட்டும் அடிவயிற்றில் சிறு குழாய் நீளும். பெண்ணுக்கு அது தடித்து மழுங்கியிருக்கும், ஆணுக்குக் கூர்ந்திருக்கும். அதனால் இங்கே யாரும் ஜோடி சேர்த்து வைப்பதில்லை. பத்துப் பன்னிரண்டு குஞ்சுகளை ஒரே தொட்டியில் வளர்த்து, அவையே ஜோடி சேரும்வரை பொறுத்திருக்கிறார்கள். ஒரு வருஷத்துக்கு மேல் தீனி போட்டுக்கொண்டே இருக்க வேண்டும்; வரும்படி எதுவும் கிடையாது.

“இதுல ஜோடி எதுன்னு சொல்லுங்க சார்” என்றார் பண்ணைக்காரர். வாயோடு வாய் கவ்விக்கொண்டிருந்த இரண்டைக் காட்டினேன்.

“அதை வச்சு முடிவு பண்ண முடியாது. சண்டைக்கும் அப்படித்தான் கவ்வும். மத்த மீனெல்லாம் எங்க ஒதுங்கியிருக்குன்னு பாருங்க.”

காற்றுக்குழாய் இருந்த மூலையில், துடுப்பு கிழிந்த மீன்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஒண்டியிருந்தன. தொட்டியின் முக்கால்வாசி இடம் இரண்டே மீன்களுக்கு. ஜோடியைக் கண்டுபிடிக்க ஒதுங்கியவற்றைப் பார்க்க வேண்டும் என்பது அனுபவம் தரும் பார்வை. அன்றே மற்றவற்றை வலை போட்டு வேறு தொட்டிக்கு மாற்றினார்கள். வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் பல மீன்களோடு ஆஸ்கரை இனப்பெருக்கம் செய்ய ஆசைப்படுகிறவர்கள் இந்த இடத்தில்தான் தவறுகிறார்கள். அங்கே அடிபட்ட மீனுக்கு ஓட இடமே இல்லை. வேறு தொட்டி இல்லாதவர்கள் நடுவில் தடுப்பாவது வைக்க வேண்டும்.

அடுத்த தொட்டியின் அடியில் ஒரு கடப்பா கல். ஜோடி அதை வாயால் சுரண்டிச் சுத்தம் செய்தபின் பெண் மீன் வரிசை வரிசையாக முட்டை ஒட்டும். ஆண் பின்னாலேயே போய்க் கருவுறச் செய்யும். ஒரு ஈட்டுக்கு ஆயிரத்துக்கு மேல். பயந்தால் தாய் தகப்பனே முட்டையைத் தின்றுவிடும் என்பதால், பண்ணைக்காரரின் மனைவி கல்லைத் தண்ணீருக்குள்ளேயே டப்பில் ஏற்றி வேறு தொட்டிக்குக் கொண்டுபோனார். மெத்திலீன் நீலம் சில சொட்டு, காற்றுக்குமிழி. பிறகு வெளுத்த முட்டைகளை ஒவ்வொன்றாகச் சொட்டுக்குழாயால் உறிஞ்சி எடுத்தார். வெளுத்தது கருவுறாதது. அதில் பிடிக்கும் பூஞ்சை பக்கத்து முட்டைக்கும் பரவும். அவருடைய கை நல்ல முட்டை ஒன்றைக்கூடத் தொடவில்லை.

“மூணு நாள்ல பொரிக்கும் தம்பி. அப்புறமும் நாலஞ்சு நாள் நீந்தாது, மஞ்சக்கருவுலயே இருக்கும். நீந்த ஆரம்பிச்சதும் பசிக்கும். ஆர்டீமியா அன்னைக்குத் தயாரா இல்லேன்னா மொத்தமும் போச்சு.” அதற்காக முந்தின நாளே உப்புத் தண்ணீரில் ஆர்டீமியா என்ற சிற்றிறாலின் முட்டையைப் பொரிக்க விடுகிறார். குஞ்சு வளர வளர, பெரியது சின்னதைத் தின்னாதபடி அளவு பார்த்துப் பிரிப்பதும் அவர்தான். பேசும்போது எல்லோரும் பண்ணைக்காரரையே ‘பிரீடர்’ என்கிறார்கள். என் கண்ணுக்குப் பாதித் தொழில் அந்த அம்மாவின் கையில் இருக்கிறது.

2016 டிசம்பரில் வர்தா புயல் அடித்தபோது கரண்ட் இல்லாமல் ஏர் பம்ப் நின்றது. குடும்பமே முறைவைத்து, இரவு முழுக்கக் குவளையால் தண்ணீரை மொண்டு ஊற்றிக் காற்றேற்றியிருக்கிறது. பெரிய மீன்களில் பலவற்றைக் காப்பாற்ற முடியவில்லை.

பழகிய ஜோடியைக் கேட்டு நல்ல விலையோடு ஆட்கள் வருகிறார்களாம். பண்ணைக்காரர் கொடுப்பதில்லை. இடம் மாறினால் அதே ஜோடி ஒன்றையொன்று கடித்துக் கொல்வதும் உண்டு. வந்தவர்களிடம் பத்துக் குஞ்சை எடுத்துக்கொண்டு போய்ச் சேர்த்து வளர்க்கச் சொல்கிறார்.