யான்கோ வயலில் ஐந்து சென்டிமீட்டர்

யான்கோவில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்று கேட்டால், ஒன்றுமில்லை என்றுதான் அந்த ஊர்க்காரர்களே சொல்வார்கள். மெல்பர்னிலிருந்து வடக்கே ஐந்து மணி நேரக் கார்ப் பயணம். நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் அந்தப் பகுதியில் மலையும் இல்லை, கடலும் இல்லை. செப்டம்பர் மாதத்தில் ஒரு பக்கம் மஞ்சளாய்ப் பூத்த கனோலா, மறுபக்கம் பச்சைக் கோதுமை, இடையே ஆடு மேயும் காய்ந்த புல்வெளி. 2015இல் நான் அங்கு போனது ஊர் சுற்ற அல்ல, மண்ணைக் குத்திப் பார்க்க.

அந்த ஆண்டு ஜனவரி 31ஆம் தேதி நாசா, ‘ஸ்மாப்’ என்ற துணைக்கோளத்தை விண்ணில் செலுத்தியது. 685 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றியபடி, இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை உலகின் மண் ஈரத்தை அளப்பது அதன் வேலை. எல்லா நிலமும் மிக மெல்லிய நுண்ணலைகளை வெளியிடுகிறது. காய்ந்த மண் கூடுதலாக, நனைந்த மண் குறைவாக. அந்த வித்தியாசத்தைக் கொண்டு மேல்மண்ணின் ஐந்து சென்டிமீட்டரில் எவ்வளவு ஈரம் என்று அது கணக்கிடுகிறது.

கணக்கு சரிதானா என்று தரையில் யாராவது பார்க்க வேண்டுமே! மோனாஷ் பல்கலைக்கழகம் முன்னின்று நடத்திய அந்தக் களச்சோதனைக்கு நானும் உதவிக்குப் போனேன்.

காலையில் ஆய்வு விமானம் மேலே பறக்கும். கீழே நாங்கள் 250 மீட்டருக்கு ஒரு புள்ளியாக நடப்போம். நான்கு முட்கள் கொண்ட கருவியை மண்ணில் அழுத்தி, ஒவ்வொரு புள்ளியிலும் மூன்று முறை அளப்போம். சில இடங்களில் வளையத்தால் மண் எடுத்து எடை போடுவோம். அதை 105 டிகிரி வெப்பத்தில் ஒரு நாள் முழுக்க அடுப்பில் உலர்த்தி மறுபடியும் எடை போட்டால், குறைந்த எடைதான் தண்ணீர். கருவியையே சரிபார்க்கும் கருவி அந்த அடுப்பு.

ஒருநாள் நண்பகல். அடுத்த புள்ளி வாய்க்காலுக்கு அப்பால் இருந்தது. காலணி சேற்றில் புதைந்து வரமாட்டேன் என்றது. பாம்பு பயம் வேறு. “முந்தைய புள்ளியின் எண்ணையே போட்டுவிடலாமா அக்கா?” என்று கேட்டேன்.

ஈப்போவைச் சேர்ந்த ஆய்வாளர் அவர். கோபப்படவில்லை. “போடலாம் தம்பி. அப்புறம் துணைக்கோளம் தப்புன்னு எழுதுவோம். தப்பு நம்மளுதா இருக்கும்” என்றார்.

வாய்க்காலைத் தாண்டினேன். எண் முந்தையதைவிடப் பல மடங்கு அதிகம். முதல் நாள் இரவு பாசனம் பாய்ந்த வயலாம். நூறு பங்கு மண்ணில் நான்கு பங்குக்கு மேல் பிழை வரக்கூடாது என்பது ஸ்மாப்பின் இலக்கு. என் சோம்பல் அதைவிடப் பெரிய பிழையாகியிருக்கும்.

அந்த வயலுக்குச் சொந்தக்காரர் வேலியருகே வந்தார். “மேலிருந்து என் வயல் தெரிகிறதா?” என்றார்.

தெரியவில்லை என்பதுதான் உண்மை. அந்த மெல்லிய அலைகளை மட்டும் வைத்துப் பார்த்தால், சுமார் 40 கிலோமீட்டர் அகல நிலம் ஒரே புள்ளியாகத் தெரியும். அதைக் கூர்மையாக்க வேண்டிய ரேடார் ஜூலை 7ஆம் தேதியே பழுதாகிவிட்டது. விண்வெளிக்கு மெக்கானிக்கை அனுப்ப முடியுமா? மறைக்காமல் சொன்னோம். அவர் சற்று யோசித்தார். பிறகு, நாளை எந்த வயலுக்குத் தண்ணீர் திறக்கப் போகிறார் என்று கைகாட்டிவிட்டு, கேட்டைப் பூட்டாமல் வைப்பதாகச் சொல்லிப் போனார்.

பின்னர் ஐரோப்பாவின் சென்டினல்-1 ரேடார் தரவையும் சேர்த்து, 3 கிலோமீட்டர் அளவுக்கு நுணுக்கமான வரைபடங்கள் வந்தன. அதிலும் அவர் வயல் தனியாகத் தெரியாது. நம் நாட்டுக் காடுகளும் செம்பனைத் தோட்டங்களும் இன்னும் சிக்கல். அடர்ந்த இலைகள் மண்ணின் அலைகளை மறைத்துவிடும்.

இப்போது வறட்சிச் செய்திகளில் சிவப்பும் நீலமுமாக மண் ஈர வரைபடம் வந்தால், நான் முதலில் தேடுவது யான்கோவைத்தான். அந்தச் சின்ன நிறத்துக்குள் எங்கோ, என் காலணியைப் பிடித்துவைத்த சேறும் இருக்கிறது.