கசகசா இல்லாத சால்னா

ஊரிலிருந்து துபாய்க்கு வரும் அம்மா அப்பாக்களின் பெட்டியைப் பற்றித் தனியாக ஒரு புத்தகமே எழுதலாம். போன டிசம்பரில் எங்கள் அம்மா முதல்முறையாக இங்கே வந்தாங்க. கிளம்புவதற்கு முந்தின இரவு வீடியோ காலில் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் காட்டினாங்க. சாத்தூர் காராச்சேவு, கோவில்பட்டி கடலை மிட்டாய், சுண்டவத்தல், புளி, நாலு சுற்று பிளாஸ்டிக் பையில் கட்டிய கருவாடு. கடைசியாக ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில்.

"இது சால்னா பொடி. கசகசா நல்லா வறுத்துப் போட்டு அரைச்சிருக்கேன்."

எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. கசகசா அபின் செடியின் விதை. ஐக்கிய அரபு அமீரகத்தில் அதற்குத் தடை. 2008-இல் வந்த ஒரு செய்தியை இங்கே வரும் எல்லோரும் ஒரு முறையாவது கேள்விப்பட்டிருப்பார்கள். லண்டன் விமான நிலையத்தில் பன் சாப்பிட்ட சுவிட்சர்லாந்துக்காரர் ஒருவரின் சட்டையில் மூன்று கசகசா விதை ஒட்டியிருந்ததாம். துபாயில் பிடித்து நாலு வருஷம் சிறைத்தண்டனை என்று பிபிசியில் வந்தது. மூன்று விதைக்கே அந்தக் கதி என்றால், ஒரு பாட்டில்?

"ஏப்பா, விருந்தாளிக்குப் பாயசம் வச்சுக் கொடுக்கிற சாமான். அதப் போயி கஞ்சா மாதிரி பேசுற?"

ஒரு வழியாகப் புரியவைத்தேன். ராத்திரி பத்து மணிக்கு மேல் உட்கார்ந்து, கசகசாவை விட்டுவிட்டு முந்திரிப் பருப்பைப் போட்டு வேறு பொடி அரைத்தாங்க. அரைத்துக்கொண்டே இருந்தவங்க திடீரென்று மிக்ஸியை நிறுத்திவிட்டுக் கேட்டாங்க: "அப்போ உங்கப்பாவுக்குப் பதிமூணு வருசமா கொடுத்துவிட்டேனே? அதுல கசகசா இருந்துச்சே?"

அப்பா 1991-இலிருந்து 2004 வரை ஷார்ஜாவில் வெல்டராக இருந்தார். குடும்ப விசா எடுக்கிற அளவுக்குச் சம்பளம் இல்லாததால் அம்மா இந்தப் பக்கம் வந்ததே இல்லை. இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை அவர் ஊருக்கு வந்து திரும்பும்போது பொடி டப்பா கூடவே போகும். அப்பா போய்ச் சேர்ந்து நாலு வருஷம் ஆகிறது. யாரிடம் கேட்பது?

எங்கள் ஊர் விருதுநகர். எண்ணெய் வியாபாரத்துக்குப் பேர்போன ஊர். பரோட்டாவைக்கூட எண்ணெயில் போட்டுத்தான் எடுப்போம். மற்ற ஊர்களில் கல்லில் போட்டுச் சுட்டு அடித்துத் தருவார்கள். இங்கே நடுவில் பள்ளமான கல்லில் எண்ணெயை நிறுத்தி, அதில் மொறுமொறுவென்று பொரித்தெடுப்பார்கள். இலையில் பிய்த்துப் போட்டு, மேலே சால்னாவை ஊற்றிக்கொள்ள வேண்டியதுதான். சால்னாவுக்குக் காசு கிடையாது. கேட்கக் கேட்க ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். ரசத்துக்குக் கொஞ்சம் மேலே, குழம்புக்குக் கொஞ்சம் கீழே இருக்கும் அதன் பதம். அந்தத் தண்ணியான சமாச்சாரத்துக்கு உடம்பு கொடுப்பது சோம்பு, தேங்காயோடு அரைத்த கசகசாதான்.

அம்மா வந்த மூன்றாம் நாள் கராமாவுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். துபாயைத் தெரியாதவர்களுக்கு: பர்ஜுமான் மெட்ரோவில் இறங்கி நடந்தால் வரும் பழைய குடியிருப்புப் பகுதி கராமா. உயரமில்லாத கட்டடங்கள், கீழ்த்தளம் பூராவும் கடைகள். தமிழ், மலையாளம், உடுப்பி, ஹைதராபாத், குஜராத்தி, பிலிப்பினோ என்று அடுத்தடுத்துச் சாப்பாட்டுக் கடைகள். வீட்டில் பொங்காத இட்லி மாவுக்கு மாற்று மருந்து தேடி வருகிற இடம். (ஏசி ஓடும் வீட்டில் மாவு இரண்டு நாளானாலும் அசையாது. ஜூலையில் பால்கனியில் வைத்தால் நாலு மணி நேரத்தில் புளித்துக் குடம் வழிந்துவிடும். நடுவில் எதுவும் கிடையாது.)

இட்லி தோசை விஷயத்தில் இங்கே குறை சொல்ல மாட்டேன். சரவண பவன் தன் முதல் வெளிநாட்டுக் கிளையை 2000-இல் துபாயில்தான் திறந்தது. அரிசி, உளுந்து, பருப்பு எல்லாம் மூட்டையில் வந்துவிடும். செய்முறையும் கூடவே வரும். எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்ட் இட்லியைவிட கராமா இட்லி நன்றாகவே இருக்கும் என்று சொன்னால் ஊரில் அடிக்க வருவார்கள், ஆனாலும் உண்மை அதுதான். சிக்கல் எல்லாம் சால்னா மாதிரி ரோட்டோர அயிட்டங்களில்தான்.

நாங்கள் போன கடையின் மெனுவில் 'விருதுநகர் எண்ணெய் பரோட்டா' என்றே போட்டிருந்தது. பரோட்டா பரவாயில்லை. சால்னா சின்னக் கிண்ணத்தில், கரண்டி நிற்கிற மாதிரி கெட்டியாக வந்தது. மேலே கொத்தமல்லி வேறு. அம்மா விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "முந்திரிக் குருமா" என்று ஒரே வார்த்தையில் முடிச்சுட்டாங்க. என் மகளுக்கு ஆறு வயது. அவள் எட்டிப் பார்த்துவிட்டு "பிரவுன் சாம்பார்" என்றாள்.

அம்மாவுக்கு அத்தோடு மனசு ஆறவில்லை. மாஸ்டரைப் பார்க்கணும் என்றாங்க. எனக்குக் கூச்சமாக இருந்தது. ஆனால் மாஸ்டர் வந்தார். சிவகங்கைப் பக்கத்துக்காரர்.

"நீங்க சொல்றது சரிதாம்மா. ஆனா தண்ணியா ஊத்துனா, இதுக்கா காசுன்னு கேக்குறாங்க. காரம் போட்டா பாதி டேபிள் திருப்பி அனுப்புது. கசகசாவைக் கையால தொட முடியாது. மட்டன்னு ஆஸ்திரேலியா செம்மறி ஆடு வருது, நம்ம வெள்ளாட்டு எலும்போட ருசி அதுல எங்க இறங்கும்? நான் என்ன பண்ணட்டும்?"

யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னதில் ஒன்றுகூடச் சமையல் தெரியாததால் வந்த குறை இல்லை. ஊரில் சால்னாவுக்காக யாரும் கடைக்குப் போவதில்லை, பரோட்டாவுக்குத் துணையாக அது சும்மா வருகிறது. இங்கே ஏங்கிப் போய்த் தேடி வருகிறோம், வாடகையும் வரியும் சேர்த்த பில்லைக் கட்டுகிறோம். அதற்கேற்ற மாதிரி கெட்டியாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நாம்தான். நம் எதிர்பார்ப்புக்குத்தான் அவர் முந்திரி அரைத்துப் போடுகிறார்.

இதில் இன்னொரு வேடிக்கை. எங்கள் ஊர்ப் பக்கம் இப்போது எங்கு பார்த்தாலும் ஷவர்மா, குழி மந்தி. போன முறை போனபோது ஒரு ஷவர்மா வாங்கினேன். கோஸ், கேரட், மயோனைஸ் எல்லாம் தாராளமாக இருந்தன. கோழியைத் தேட வேண்டியிருந்தது. மந்தியின் பூர்வீகமான ஏமனிலிருந்து ஒருவர் வந்து அங்கே உட்கார்ந்தால், எங்கள் அம்மா கராமாவில் வைத்த அதே முகத்தைத்தான் வைப்பார். கடைக்காரரும் சிவகங்கை மாஸ்டர் மாதிரியே ஏதாவது பதில் சொல்வார். என் மகளுக்கோ பரோட்டா என்றால் மலையாளிக் கஃபடீரியாவில் ஓமன் சிப்ஸை நொறுக்கிப் போட்டு, சீஸ் தடவி, சுருட்டித் தருவதுதான். அசல் அதுதான் என்று அவள் சத்தியமே செய்வாள். அவள் பிறந்து வளர்ந்த ஊரில் அதுதான் அசல், அதை எப்படி மறுப்பது?

அடுத்த வாரம் ஷார்ஜா போனோம். அப்பாவோடு ஒரே அறையில் இருந்த மாமா ஒருவர் இன்னும் ரோலாவில் இருக்கிறார். ரோலா என்றால் ஆலமரம். மரம் இப்போது இல்லை, அது நின்ற பூங்காவும் நினைவுச் சின்னமும் உண்டு. அப்பா காலத்தில் வெள்ளிக்கிழமை என்றால் எல்லா ஊர்க்காரர்களும் அங்கேதான் கூடுவார்களாம். டீ குடித்துக்கொண்டிருக்கும்போது அம்மா நேராக விஷயத்துக்கு வந்துட்டாங்க.

"அண்ணே, நான் கொடுத்துவிட்ட பொடியில இவுக இங்க சமைச்சாகளா?"

மாமா என்னைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

"இனிமே சொல்றதுக்கு என்னம்மா இருக்கு. முதல் தடவையே ரூம்ல ஒரு ஆளு, கசகசா இருந்தா உள்ள தள்ளிருவான்னு சொல்லிட்டான். அதுக்கப்புறம் அவரு கொண்டாந்ததே இல்ல. திருவனந்தபுரத்துலதான ஃபிளைட்டு. தம்பானூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ஒரு டீக்கடைக்காரர்கிட்ட கொடுத்துட்டு வந்துருவாரு. குப்பையில போட மனசு வரலைன்னு சொல்லுவாரு."

"பொடி நல்லா இருந்துச்சு, ரூமே வாசம்னு லெட்டர் போடுவாகளே?"

"போட்டாருதான். நாந்தான் பக்கத்துல இருந்தேன்."

அறையில் ஏழு பேர், முறை வைத்துச் சமையல். பருப்பு, முட்டை, குபூஸ் ரொட்டி, கிடைத்தால் மீன். வெள்ளிக்கிழமை மட்டும் மூலையிலிருந்த மலையாளிக் கடையில் பரோட்டா. சாறு அங்கேயும் சும்மாதான், கேட்டால் ஊற்றுவார்கள். அப்பா அதைச் சால்னா என்றே கூப்பிடுவார் என்றும், கடைக்கார சேட்டனும் கொஞ்ச நாளில் அவருக்காகச் சால்னா என்றே சொல்ல ஆரம்பித்துவிட்டார் என்றும் மாமா சொன்னார்.

அந்தக் கடை இருந்த இடத்தில் இப்போது மொபைல் கடை. அம்மா கொஞ்ச நேரம் அதன் முன்னால் நின்றாங்க. கண்ணாடிக்குப் பின்னால் போன் கவர்கள் தொங்கின. மூன்று கடை தள்ளி வேறொரு கஃபடீரியா இருந்தது. அங்கே போய் உட்கார்ந்தோம். பரோட்டா வந்தது, கூடவே எவர்சில்வர் கிண்ணத்தில் தண்ணியாகச் சாறு. தேங்காய் எண்ணெய் வாசம். அம்மா வழக்கம்போல விரலால் தொட்டுப் பார்க்கவில்லை. பிய்த்துப் போட்டு, முழுசாக ஊற்றி, ஊறவிட்டுச் சாப்பிட்டாங்க. இரண்டாவது முறை சாறு கேட்டு வாங்கினாங்க.

"உப்பு கம்மி" என்று மட்டும் சொன்னாங்க.

திரும்பி வரும்போது கார் ஷார்ஜா-துபாய் டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டது. முக்கால் மணி நேரம் நகரவே இல்லை. பின்சீட்டில் மகள் தூங்கிவிட்டாள், அம்மாவும் தூங்கிவிட்டதாகத்தான் நினைத்தேன்.

"ஏப்பா, தம்பானூர்ல அந்த டீக்கடை இன்னும் இருக்குமா?"