எலுமிச்சையில் ஊறிய வெங்காயம்

நான் மன்னிப்புக் கேட்டுக் கொள்ள வேண்டிய இடங்கள் இரண்டு. ஒன்று, வெங்காயம், மற்றொன்று, என் வகுப்புப் பையன் ஒருவன்.

சென்ற வருஷம் ஒரு நாள் பகல் உணவு வேளையில் வகுப்புக்குள் நுழைந்தவன், "இதென்ன நெடி?" என்று கேட்டுத் தொலைத்தேன். பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். கடைசிப் பெஞ்சில் ஒருவன் தன் தூக்குப் பாத்திரத்தை அவசரமாக மூடினான். உள்ளே பழைய சோறும் இரண்டு சின்ன வெங்காயமும். மறுநாள் முதல் அவன் பகல் வேளைகளில் மைதானத்தில் தனியே உலாவினான்.

வீட்டில் இதைச் சொன்னபோது என் மனைவி, "பழையது தின்று வளர்ந்தவர் தாமே நீங்கள்?" என்றாள். பதில் சொல்ல வாயில்லை. அன்று மாலையே கால் கிலோ சின்ன வெங்காயத்தை உரித்து, இரண்டாக நறுக்கி, இரண்டு எலுமிச்சம்பழச் சாறும் ஒரு தேக்கரண்டி உப்பும் கீறிய பச்சை மிளகாயும் சேர்த்துப் பீங்கான் ஜாடியில் ஊற வைத்தாள். பித்தளை கூடாது, களிம்பு ஏறிவிடும். சீமைப் புட்டிக் காடியும் வேண்டியதில்லை. கஞ்சியைப் புளிக்க வைத்தே காடி செய்தவர்கள் அல்லவா நம் பாட்டிமார்!

காலையில் பார்த்தால் வெங்காயம் ரோஜா நிறம்! தோலின் செந்நிறச் சாயம் புளிப்புப் பட்டதும் இப்படிப் பளிச்சிடுகிறது. நறுக்கியவுடன் கண்ணைக் கரிக்கும் கந்தகச் சத்தின் வேகமும் தணிந்து விடுகிறது. அடுப்பில் ஏற்றாததால் வைட்டமின் 'ஸி' வெந்து வீணாவதில்லை. தானியத்திலும் பருப்பிலும் உள்ள இரும்புச் சத்து உடம்பில் சேர வெங்காயம் துணை செய்கிறது என்று மைசூர் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தார் 2010-ல் கண்டு எழுதியிருக்கிறார்கள். கம்பங்கூழுக்கு வெங்காயம் கடித்துக் கொண்ட நம் குடியானவருக்கு இந்தச் செய்தி ஆச்சரியமாயிராது. ரத்த அழுத்தக்காரர்கள் மட்டும் உப்பில் கையை அடக்க வேண்டும். குளிர்ப்பெட்டியில் வைத்து நாலைந்து நாளில் தீர்த்து விடுவது நல்லது. எங்கள் வீட்டில் அந்தக் கவலையே எழுவதில்லை. தயிர்ச் சாதம், அடை, கேழ்வரகுக் களி என்று எதற்கும் ஜாடி இறங்கி விடுகிறது.

மறுநாள் ஜாடியோடும் பழைய சோற்றோடும் கடைசிப் பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். முதல் நாள் பையன் வரவில்லை. இரண்டாம் நாள் வாசலில் நின்று பார்த்தான். நாலாம் நாள் தூக்குப் பாத்திரத்துடன் வந்து என் பக்கத்தில் அமர்ந்து, ஒரு துண்டை எடுத்துக் கடித்தான்.

"ஸார், காரம் போதாது" என்றான்.